தாமாகவே வெளியேறினார்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். எதன் மேல் சத்தியம் என்று கேட்பீர்கள். தலை மேல் செய்யலாம் என்றால் அதில் முடி இல்லை. பல் மேல் செய்யலாம் என்றால் அது கட்டிய பல். என்னிடம் அசலாக மிச்சமிருப்பவை இரண்டு முழங்கால்கள். உட்காரும்போதும் எழும்போதும் ஒளிவுமறைவு இல்லாமல் சத்தம் போடுகின்றன. அவற்றின் மேல் சத்தியம்.

கதை எங்கே பிறந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, விளக்கக் குறிப்பாகப் பிறந்தது. தேர்வு வாரிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய ஒரு பக்கக் குறிப்பு. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். திங்கட்கிழமை எழுத உட்கார்ந்தேன். இன்று ஞாயிறு. பதினோரு தாள் வீணாகிவிட்டது. வீணான தாள்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு கதை போலத்தான் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வராமல் உங்களிடம் தருகிறேன். குறிப்பை நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருடம் பூகோள வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும், ஆள் பற்றாத பரீட்சைக் காலங்களில் அறைக் கண்காணிப்பாளராகக் கூப்பிடுவார்கள். தெருவில் எனக்குச் 'சரடு சார்' என்று பெயர். பரீட்சை அறைகளில் நான் கண்ட அதிசயங்களைச் சொல்லப் போய் வந்த பெயர் அது. ஒரு பையன் எழுதிய வேகத்தில் தாளின் ஓரம் கருகி, அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தோம். இன்னொருத்தி கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதியதில் அடுக்கு உயர்ந்துகொண்டே போய், கடைசி அரை மணி நேரம் ஸ்டூல் மேல் ஏறி நின்று எழுதினாள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும்.

ஆனால் ஒன்று. அறைப் பதிவேட்டில் நான் எழுதுவதை மட்டும் யாரும் சரடு என்று சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் அதில் ஒரு ஆட்சேபணை கிடையாது. அதற்காகக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் கூடத்தில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது.

இந்த வருடம் அந்தப் பதிவேட்டில் நான் எழுதியது இரண்டே சொல். அதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

2

முதல் தாள்: 'மதிப்பிற்குரிய ஐயா, அன்று காலை வானம் கறுத்துக் கிடந்தது…' (கைவிடப்பட்டது. வானத்தைப் பற்றி வாரியம் கேட்கவில்லை.)

இரண்டாம் தாள்: 'மேற்படி தேர்வர் பதினேழு வயதுப் பெண். அவள் கண்களில் ஏதோ ஒரு—' (கைவிடப்பட்டது. கண்களில் ஏதோ ஒன்று உள்ள பெண்களை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன்.)

மூன்றாம் தாள்: 'நான் எழுதியது தவறு என்று இப்போது…' (பேனா நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நினைவிருந்தால்.)

இப்படி ஆரம்பித்தால் விடியாது. வாசல் மணி அடித்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பரீட்சை முடிந்து மூன்று வாரம் இருக்கும். சாயங்காலம் மணி அடித்தது. திறந்தால் தெருக்கோடித் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பின்னால் அவள் பெண். சின்ன வயதில் செய்த சேட்டைகளுக்காக அம்மா அவளை 'வாலு' என்று கூப்பிடுவாள். இப்போது அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. செருப்பைக் கழற்றி, இரண்டையும் நேராக வைத்துவிட்டு, சுவரோரம் நின்றாள்.

"சார், வேதியியல் பரீட்சைக்கு இவ ரூம்ல நீங்கதானே இருந்தீங்க?"

"நான்தான்."

"இவளை வெளியே அனுப்பிட்டீங்களாமே?"

"அனுப்பலைம்மா. அவளேதான்—"

"சார் அனுப்பலைம்மா. நான்தான் போனேன்" என்றாள் பெண்.

"நீ சும்மா இருடி. திறக்க வேண்டிய இடத்துல வாயைத் திறக்கலை. இப்ப மட்டும் நல்லாத் திறக்குது."

விஷயம் இதுதான். பரீட்சைக்கு நாலு மாதம் முன்பிருந்தே அவளுக்கு நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, பள்ளி வாசலில் கால் நகர மறுப்பது. டாக்டர் பதற்ற நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஆறு பேப்பரில் ஐந்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிட்டாள். ஆறாவது வேதியியல். ஆரம்பித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அதைப் பதிவேட்டில் எழுதினேன்.

அன்று அறையில் இருபது பேர். இருபது தலைகளையும் என் கண் ஒரு நொடிகூட விடவில்லை. ஒரு ஈகூட என் அனுமதி இல்லாமல் பெஞ்சு மாறி உட்காரவில்லை. அவள் பேனா மூடியை நாலு முறை திறந்து மூடியது முதல், எழுந்தபோது பெஞ்சு எழுப்பிய சத்தம் வரை எனக்கு அத்துப்படி.

(முழங்கால் மேல் சத்தியம்.)

3

மறுநாள் மூவருமாக வாரிய அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் பேனாவை நூலில் கட்டியிருந்தார்கள். உள்ளே, வலது கைக் கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டிய எழுத்தர் அம்மா ஒருவர். அந்த ரப்பர் விரலாலேயே பக்கம் புரட்டினார், அதனாலேயே எண்ணிக்கை சொன்னார்.

"நாலு வழி இருக்கு. பாதியிலேயே எல்லாரும் அழ ஆரம்பிச்சிடறாங்க. நீங்களாவது முழுசாக் கேளுங்க. ஒண்ணு, அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துலயே ஆறு பேப்பரையும் மறுபடி எழுதறது. ரெண்டு, திறந்தநிலைப் பள்ளி. ஒவ்வொரு பாடமா, தயாரானப்ப எழுதலாம். நல்ல வழி. எங்க அக்கா பையன் அப்படிப் படிச்சவன்தான், இன்னிக்கு நல்லா இருக்கான். மூணு, பரீட்சையே வேண்டாம்னு நேரா ஒரு தொழில் பயிற்சி. நாலு, சிறப்புத் தேர்வு. எட்டு வாரத்துல, விட்டுப்போன அந்த ஒரு பேப்பர் மட்டும். தனி ரூம், கூடுதல் நேரம், நடுவுல எழுந்து போய்ட்டு வரலாம்."

"நாலாவது" என்றார்கள் அம்மாவும் பெண்ணும் ஒன்றாக.

"அது உடம்பு சரியில்லாம வெளியே போனவங்களுக்கு. டாக்டர் லெட்டர் சரியா இருக்கு. ஆனா பதிவேட்டுல 'தாமாகவே வெளியேறினார்'னு இருக்கே. அப்படின்னா தேர்வையே கைவிட்டதா அர்த்தம். எழுதின அஞ்சும் சேராது."

"மனசு சரியில்லாமப் போறது தாமாப் போறதாம்மா?" என்றாள் தையல்காரம்மா.

"என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. பதிவேட்டுல கட்டம் ரெண்டுதான். ஒண்ணு 'தாமாகவே', இன்னொண்ணு 'உடல்நலக் குறைவு'. மூணாவது கட்டம் இன்னும் அச்சாகலை."

"சார் மாத்தி எழுதிக் கொடுத்தா?"

எழுத்தர் அம்மா என்னைப் பார்த்தார். "விளக்கக் குறிப்பு கொடுக்கலாம். ஆனா கண்ணால பார்த்து எழுதின வரியை மூணு வாரம் கழிச்சு மாத்தினா குழு ஏத்துக்காது. ஒரே தெருவாச்சேன்னு சொல்லிடுவாங்க. பார்க்காமலே எழுதிட்டேன்னு கண்காணிப்பாளரே எழுதிக் கொடுத்தா மட்டும் வரி செல்லாமப் போயிடும், டாக்டர் லெட்டர் நிக்கும். அப்படி எழுதிக் கொடுத்தவர் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அடிக்குறிப்பு: இரண்டாவது வழியை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நானே பதினேழு வயதில் அப்படி ஒரு வழி இருந்தால் போயிருப்பேன். ஐந்து பேப்பரை ஏற்கெனவே எழுதி முடித்தவளைத் திரும்ப முதலிலிருந்து எழுதச் சொல்வதுதான் பிரச்சினை.

4

கதையில் பாத்திரத்தின் மேல் எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வருகிற இடம் ஒன்று உண்டு. எனக்கு ஐந்தாம் தாளில் வந்தது. இந்தப் பெண் அழவே மாட்டேன் என்கிறாள். அழாத பெண்ணை வைத்து ஒரு குழுவின் மனத்தை எப்படிக் கரைப்பது? 'விம்மினாள்' என்று எழுதியிருந்தேன். புதன்கிழமை அவள் அம்மா தையல் கடையில் இருந்த நேரத்தில் தாள்களைப் படித்துப் பார்க்க அவள் தனியாக வந்தாள். அந்தச் சொல்லுக்குக் கீழே விரல் வைத்தாள்.

"சார், நான் எப்ப விம்மினேன்?"

"ஒரு பேச்சுக்கு."

"விம்மலை சார். அழுகை வந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். வரலை."

அந்தச் சொல்லை அடித்தேன். சொல்லிவிட்டு அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு பிள்ளை தன் வாயைக் கவனித்தால் பெருமை. கொஞ்ச நேரம் பெருமைப்பட்டேன்.

"மேல் பல் செட்டு இடது பக்கம் லேசாத் தூக்கியிருக்கு சார். மெல்லும்போது டக்குன்னு சத்தம் வருமே?"

வரும். ஒன்பது வருடமாக வருகிறது. என் மனைவி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் வீட்டில் எந்த அறையில் இருக்கிறேன் என்று கண்டுபிடிக்கிறாள்.

அப்போதுதான் தெரிந்தது. பல் மருத்துவமனைப் பயிற்சி நிலையத்தில் செயற்கைப் பல் செய்யும் இரண்டு வருடப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே வருடக் கடைசிப் பரீட்சை கிடையாது. வாராவாரம் ஒரு பல் செய்து கொடுக்க வேண்டும், அந்தப் பல்லுக்கு மதிப்பெண். தையல்காரி மகளுக்குக் கைவேலையில் குறை வருமா? உள்ளே நுழைய மட்டும் ஆறு பேப்பர் தேற வேண்டும். சிறப்புத் தேர்வு முடிவு வரும்வரை இடத்தை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சிறப்புத் தேர்வே இல்லை என்றால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

"மெழுகுல ஒரு கடைவாய்ப் பல் செதுக்கிப் பார்த்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். திறந்து காட்டினாள். பார்த்தேன். என் வாயில் இருப்பதைவிட அது நிஜப் பல்லாக இருந்தது.

அடிக்குறிப்பு: இந்த இடத்தில் 'அவள் கண்கள் ஒளிர்ந்தன' என்று எழுதி, 'விம்மினாள்' என்ற சொல்லுக்கு ஆன கதி நினைவு வந்து நானே அடித்துவிட்டேன்.

5

ஏழாம் தாள், தையல்காரம்மா கேட்டுக்கொண்டபடி எழுதியது. அதை முழுதாக இங்கே தர இடமில்லை. சுருக்கம்: தேர்வர் மயங்கி விழுகிறார். விழும் வேகத்தில் பெஞ்சு உடைகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரே கண் கலங்குகிறார். கண்காணிப்பாளர் (நான்) தேர்வரைக் கைகளில் ஏந்தி மூன்று மாடி இறங்குகிறார்.

"இது போதும் சார். இதைக் கொடுத்துடுங்க" என்றாள் தையல்காரம்மா. நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது தரைத்தளம்" என்றாள் பெண்.

"அதனால என்னடி? மாடியா இருந்தா சார் தூக்கியிருக்க மாட்டாரா?"

"என்னால எங்க வீட்டு அரிசி மூட்டையையே தூக்க முடியலைம்மா" என்றேன்.

"எல்லாரும் உண்மையே பேசுங்க" என்றாள் தையல்காரம்மா. "தெருவுல இல்லாத ஊர்க் கதையெல்லாம் அளப்பீங்க. என் பொண்ணுக்கு ஒண்ணு வேணும்னா மட்டும் அரிசி மூட்டை வந்துடும்."

இரண்டு பேரும் எழுந்து கிளம்பினார்கள். பெண் மட்டும் வாசலில் திரும்பி, "சார், நீங்க பார்த்ததை எழுதினாப் போதும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளே வந்து சான்றிதழ்ச் சட்டத்தை, அது கோணலாக இல்லாதபோதும், நேராக்கி வைத்தேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரு பக்கம் எழுத ஒரு வாரமாங்க? அந்தப் பொண்ணை மூணு மணி நேரத்துல முப்பது பக்கம் எழுதச் சொல்லி உக்கார வெச்சீங்களே."

6

எட்டாம் தாளில், சரடே இல்லாமல் எழுதுவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றேன்.

"நீங்கதான் எல்லாம் பார்த்தீங்களே சார்."

"பார்த்தேன். நீ சொல்லு."

சொன்னாள். சொல்வதை எழுதும் வகுப்பில் ஆசிரியர் வாசிப்பது போல, ஒரே சீராக.

"கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் தெரிஞ்சுது சார். அதுதான் வேடிக்கை. முதல் கேள்விக்கு ரெண்டு வரி எழுதினேன். இதை முடிச்சா அடுத்ததை எழுதணும், அதை முடிச்சா அதுக்கு அடுத்ததுன்னு ஒரு நினைப்பு. கை என்னோடதுதான், ஆனா வேற யாரோ பெஞ்சுல வெச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. மூச்சு மேலயே நின்னுச்சு. இப்படி வந்தா என்ன செய்யணும்னு ஆலோசகர் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அறைக் கண்காணிப்பாளர்கிட்ட கேட்டுட்டு பத்து நிமிஷம் வெளியே உக்காரலாம், தரையில கால் வெச்சு எதிர்ல இருக்கற ஜன்னல் கம்பியை எண்ணலாம், திரும்பி வந்து எழுதலாம். அதுக்கு விதியே இருக்கு."

இருக்கிறது. விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி. பயிற்சி வகுப்பில் மற்றக் கண்காணிப்பாளர்களுக்கு அதைப் பாடமாக நடத்தியதே நான்தான்.

"ரெண்டு வாரமா வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகினேன். 'சார், பத்து நிமிஷம் வெளியே உக்காந்துட்டு வரலாமா?' அவ்வளவுதான் வாக்கியம். எழுந்து உங்க மேஜைகிட்ட வந்தேன். நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"கேட்டியா?"

"கேட்டேன். மெதுவா. மூணு தடவை."

நான் எழுதினேன்: 'அறையின் மின்விசிறி மிகப் பழையது, அது சுற்றும்போது மெல்லிய குரல் காதில்—' (கைவிடப்பட்டது.)

"அப்புறம் பேனாவால மேஜையைத் தட்டினேன். நீங்க நிமிர்ந்து பார்த்து, 'முடிச்சுட்டியா? போறியா?'ன்னு கேட்டீங்க. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் தெம்பு சேர்த்து வெச்சிருந்தேன் சார். அது மூணு தடவையில தீர்ந்துபோச்சு. போறேன்னு சொல்லிட்டேன்."

அன்றும் அவள் கொண்டு வந்திருந்த மெழுகுப் பல், திறந்த பெட்டியில், மேஜை மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"இதையெல்லாம் அந்த அலுவலகத்துல ஏன் சொல்லலை?"

"நீங்க எழுதுவீங்கன்னு நினைச்சேன்."

பெட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். செருப்பு மாட்டும்போது, "மேல் செட்டை அடிக்கடி கழற்றி மாட்டாதீங்க சார். ஈறு புண்ணாகும்" என்றாள்.

7

எழுதுகிறவனின் வழக்கப்படி மூன்று முடிவுகள் தயாரித்தேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: குழு குறிப்பை ஏற்கிறது. எட்டு வாரம் கழித்து ஒரு சின்ன அறையில், ஜன்னல் பக்கம், இரண்டு முறை வெளியே போய் வந்து அவள் வேதியியல் எழுதுகிறாள். தேறுகிறாள். மூன்றாம் மாதம் என் மேல் செட்டைச் சரி செய்து தருகிறாள். நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று என் மனைவிக்கு அன்றிலிருந்து தெரிவதில்லை. (இதில் என் சுயநலம் கலந்திருக்கிறது. கவனம்.)

இரண்டாம் முடிவு: குழு மறுக்கிறது. அவள் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து, ஒவ்வொரு பாடமாக, இரண்டு வருடத்தில் ஆறையும் முடிக்கிறாள். இரண்டு வருடம் தள்ளிப் பல் செய்யப் போகிறாள். உலகம் இடிந்து விழுவதில்லை. தையல்காரம்மா மட்டும் தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுகிறாள்.

மூன்றாம் முடிவு: சிறப்புத் தேர்வு நாள். அவள் மேஜைக்கு வருகிறாள். கண்காணிப்பாளர் நிமிர்ந்து… (கைவிடப்பட்டது. அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை என்பது மட்டும் தெரியும். நாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிட மாட்டார்கள்.)

குழு என்ன முடிவு செய்யும் என்பதை நான் எழுத முடியாது. அது என் வேலையும் இல்லை. இதுவரை படித்த நீங்களே குழுவாக இருந்து முடிவு செய்யுங்கள்.

சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். சட்டம் தொங்கிய இடத்தில் சுவர் வெளுப்பாக இருக்கிறது. மனைவி என்ன என்று கேட்டாள். தூசு என்றேன்.

8

பன்னிரண்டாம் தாள். அடித்தல் திருத்தல் இல்லை.

'தேர்வு வாரியத்துக்கு. வேதியியல் தேர்வு நாளன்று, தரைத்தள அறையில், கண்காணிப்பாளராக இருந்த நான், பத்து மணி ஐந்து நிமிடத்திலிருந்து, மேற்படி தேர்வர் பேனாவால் என் மேஜையைத் தட்டும் வரை, தூங்கிக்கொண்டிருந்தேன்.'